தரையில் ஊர்ந்த உணவு, மேலே பட்டினி கிடந்த குஞ்சு: சேலத்தில் ஒரு கோபிபாட் வளர்ப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் நகரை ஒட்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் கடல் அலங்கார மீன் குஞ்சு பொரிப்பகம் ஒன்று இயங்குகிறது. கணவனும் மனைவியும் ஒரு பணியாளரும் நடத்தும் சிறிய நிலையம். கடற்கரையோ சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சேலம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்கும் ஊர் என்பதால் போர்வெல் தண்ணீர் கடினமானது. அதை ஆர்.ஓ. கருவியில் வடித்து, செயற்கைக் கடலுப்பு கரைத்துத்தான் மீன் தொட்டிகளை நிரப்புகிறார்கள்.

சில ஆண்டுகளாகக் கோமாளி மீனை மட்டும் பொரிக்கவைத்து விற்றுவந்தார்கள். அதில் பெரிய சிக்கல் வரவில்லை. கோமாளி மீன் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போதே கண் பார்க்கும், வாய் திறந்திருக்கும். முதல் நாளே ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய மிதவையுயிரைப் பிடித்துத் தின்னும், ஒரு வாரத்தில் ஆர்ட்டீமியா என்ற சற்றுப் பெரிய உப்புநீர் உயிருக்கு மாறும். சந்தையில் கோமாளி மீன் பெருகி விலை இறங்கியதும், மூன்று புள்ளி டாம்செல் மீனுக்குப் போனார்கள். தாய் மீன்கள் சீக்கிரமே இணை சேர்ந்து, ஓட்டுத் துண்டில் ஒழுங்காக முட்டையிட்டன. முட்டை நான்காம் இரவு விளக்கணைத்த பிறகு பொரிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

டாம்செல் குஞ்சு பொரியும்போது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம். வாய் திறந்திருக்காது. இரண்டாம் நாள் திறக்கும், மூன்றாம் நாளோடு மஞ்சள் கரு தீரும். அந்த ஓரிரு நாளில் வாய்க்குள் போகும் அளவில் உணவு கிடைக்காவிட்டால் குஞ்சு பிழைக்காது. இங்கே ஒவ்வொரு தொகுதியும் நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் முழுதாக அழிந்தது.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

முதலில் ரோட்டிஃபரின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். அதற்குக் கொழுப்பு அமிலச் செறிவூட்டலும் செய்தார்கள். இரண்டாலும் பயனில்லை. கோபிபாட், அதாவது துடுப்புக்காலி என்ற மிகச் சிறிய ஓட்டுடலி, இத்தகைய குஞ்சுகளுக்கு ஏற்ற உயிருணவு என்று கேள்விப்பட்டு, ஒரு அலங்கார மீன் கடையிலிருந்து ‘கடல் கோபிபாட்’ என்று எழுதிய பாட்டில் வாங்கினார்கள். என்ன வகை என்று பாட்டிலில் இல்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை.

அதை 20 லிட்டர் கேன்களில், நானோகுளோராப்சிஸ் பாசியும் சிறிது ஈஸ்ட்டும் போட்டு வளர்த்தார்கள். ஒரு மாதத்தில் கேனின் சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக நிறைந்தது. கேனை அப்படியே வடித்துக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றினார்கள். குஞ்சுகள் அதே நாளில், அதே விதமாக இறந்தன. உணவு தொட்டியில் இருந்தும் இறந்ததால், நோய் என்று எண்ணி மருந்து போடும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கடல் உயிருணவு வளர்ப்பில் பழக்கமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்டது அப்போதுதான்.

என்ன காணப்பட்டது

மருந்தை நிறுத்தச் சொல்லி, முதலில் மூன்று விஷயங்கள் பார்க்கப்பட்டன.

ஒன்று, குஞ்சின் வயிறு. நான்காம் நாள் குஞ்சுகள் பத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரோடு வைத்து 40 மடங்கில் பார்த்தபோது குடல் எல்லாவற்றிலும் வெறுமையாக இருந்தது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே ஒரே ஒரு இரை இருந்தாலும் தெரிந்துவிடும். நோய்க்குறி எதுவும் இல்லை.

இரண்டு, குஞ்சும் இரையும் நிற்கும் இடம். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்ததில், குஞ்சுகள் எல்லாம் தொட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தன. ஊற்றிய கோபிபாட்கள் தரையிலும் சுவரிலும் ஒட்டி ஊர்ந்தன. நடு நீரில் ஒரு குழாய் விட்டு எடுத்த ஒரு லிட்டரில் நாப்ளி எனப்படும் இளம்பருவம் விரல்விட்டு எண்ணும்படிதான் கிடைத்தது. அதே மாதிரியில் ரோட்டிஃபர் ஏராளம்.

மூன்று, வாயின் அளவு. நுண்ணோக்கியின் கண்வில்லை அளவுகோலை மேடை அளவுகோலோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய பிறகு அளந்ததில், வாய் திறப்பு 150 மைக்ரான் (0.15 மில்லிமீட்டர்) அளவில் இருந்தது. மீன் குஞ்சு தன் வாய்த்திறப்பில் ஏறத்தாழ பாதி அகலமுள்ள இரையைத்தான் முதல் நாட்களில் எளிதாக விழுங்கும். அப்படியானால் 75 மைக்ரானுக்குக் குறைந்த அகலம் வேண்டும். நிலையத்தில் இருந்த சிறு வகை ரோட்டிஃபரே 100 மைக்ரானைத் தாண்டியது. ரோட்டிஃபரை இரட்டிப்பாக்கியது ஏன் பயன்தரவில்லை என்பதற்கு இதுவே விடை.

அடையாளம் காணல்

கோபிபாட் மாதிரியின் ஒரு பகுதியை உயிரோடும், ஒரு பகுதியை 100 மில்லிக்கு 5 மில்லி ஃபார்மலின் சேர்த்தும், இன்னொரு பகுதியை 95 விழுக்காடு எத்தனாலிலும் எடுத்துவைத்தார்கள். உயிரோடிருப்பதில் நடையைப் பார்க்கலாம், ஃபார்மலினில் உடலைப் பார்க்கலாம், எத்தனாலில் வைத்தது பின்னால் மரபணு ஆய்வுக்கு உதவும். ஃபார்மலின் மாதிரியை வைத்து மரபணு ஆய்வு செய்வது கடினம் என்பதால் இந்த மூன்றாவது பாட்டிலைத் தவிர்க்கக் கூடாது.

உயிருணவாக வளர்க்கப்படும் கோபிபாட்கள் பெரும்பாலும் மூன்று வரிசைகளைச் சேர்ந்தவை. மூன்றையும் பிரிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 100 மடங்கு காட்டும் சாதாரண நுண்ணோக்கி போதும்.

காலனாய்டு வகையில் முதல் உணர்கொம்பு உடல் நீளத்துக்கு நிகராக, சிலவற்றில் அதைவிடவும் நீண்டிருக்கும். அகன்ற முன்னுடலும் ஒடுங்கிய வாலுடலும் சேரும் கணு, ஐந்தாவது கால் தாங்கும் வளையத்துக்குப் பின்னால் இருக்கும். ஆணுக்குப் பொதுவாக ஒரு கொம்பு மட்டும் முழங்கைபோல் மடியும். முட்டையை நீரில் உதிர்த்துவிடும், அல்லது அடிவயிற்றில் பெரும்பாலும் ஒரே பையாகச் சுமக்கும்.

சைக்ளோபாய்டு வகையில் கொம்பு நடுத்தர நீளம். கணு, நான்காம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் இடையில் வரும். பெண் இருபக்கமும் இரண்டு முட்டைப்பைகளைச் சுமக்கும். ஆணின் இரு கொம்புகளும் மடியும்.

ஹார்பாக்டிகாய்டு வகையில் கொம்பு குட்டை, பெரும்பாலும் பத்துக் கண்டத்துக்குள் (துண்டுக்குள்). முன்னுடல் வாலுடல் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. பெரும்பாலும் ஒரே முட்டைப்பை. இவற்றில் மிகுதியும் தரைவாசிகள், நாப்ளிகளும் ஊர்வனவே.

கடைப் பாட்டிலில் இருந்தது மூன்றாவது வகை. தலைப்பக்கம் அகன்று வால் நோக்கி ஒடுங்கிய தட்டையான உடல், குட்டைக் கொம்பு, ஒற்றை முட்டைப்பை. டிஸ்பே பேரினத்தோடு ஒத்திருந்தது. கூடவே ரோட்டிஃபரும் கலந்திருந்தது. நாப்ளியையும் ரோட்டிஃபரையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நாப்ளிக்கு மூன்று இணை உறுப்புகளும் முன்பக்கம் ஒரு சிவந்த கண்புள்ளியும் உண்டு. அது துள்ளித் துள்ளி நகரும். ரோட்டிஃபர் தலைச்சக்கரத்தைச் சுழற்றி வழுக்கிக்கொண்டே போகும்.

ஆக, அந்தக் கோபிபாட் கெட்டதல்ல. சத்துள்ளது, பெருகக்கூடியது, ஊர்ந்து மேயும் மீனுக்கு அருமையான உணவு. ஆனால் மேல்நீரில் மிதந்துகொண்டு, கண்முன் வருவதை மட்டும் கொத்தும் மூன்று நாள் குஞ்சுக்கு அது எட்டாத இடத்தில் இருந்தது. பெயர் தெரியாமல் பெருக்கியதால் ஒரு மாத உழைப்பு தொட்டியின் அடியில் தங்கிவிட்டது. வகையை அறியாமல் தொட்டி, சல்லடை, பாசி என்று எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

எடுத்த முடிவுகள்

ஹார்பாக்டிகாய்டு நாப்ளியைச் சலித்து எடுத்து, காற்றைக் கூட்டி நீரில் மிதக்கவைக்கலாமே என்று நிலையத்தார் கேட்டனர். சோதித்தபோது காற்றைக் குறைத்த சில நிமிடங்களில் நாப்ளிகள் இறங்கிவிட்டன. காற்றைக் கூட்டியே வைத்தால் டாம்செல் குஞ்சு சுழலில் அடிபடும். அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் அந்த வளர்ப்பைக் கொட்டிவிடவும் வேண்டாம் என்று முடிவானது. அடித்தட்டுக் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்க அது உதவும்.

மிதக்கும் வகைகளில் இரண்டு பரிசீலிக்கப்பட்டன. பார்வோகலானஸ் என்ற சிறு காலனாய்டின் நாப்ளி மிகச் சிறியது, முதல் உணவாக அதற்கு இணை குறைவு. ஆனால் அது முட்டையை நீரில் உதிர்க்கும். முதிர்ந்தவையே முட்டையைத் தின்னும் என்பதால் அன்றாடம் முட்டையையும் நாப்ளியையும் பிரித்தாக வேண்டும். பாசி ஒரு நாள் குறைந்தாலும் கூட்டம் சரியும். மின்தடையும் வெயிலும் உள்ள மாடி அறைக்கு இது கடினம்.

ஓய்த்தோனா என்ற சைக்ளோபாய்டு இரண்டாவது. பெண் முட்டையைப் பையில் சுமப்பதால் இழப்பு குறைவு. நாப்ளியின் அகலம் 60 முதல் 70 மைக்ரான், கணக்கிட்ட எல்லைக்குள் அடங்குகிறது. முதிர்ந்தவையும் நீரில்தான் வாழும். கழிமுகத்தில் வாழ்வதால் உப்பு ஏற்றத்தாழ்வையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். ஓய்த்தோனாவை முதன்மையாகவும் பார்வோகலானஸைச் சோதனையாகவும் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள்.

இன்னொரு முடிவு தண்ணீரைப் பற்றியது. மீன்கள் செயற்கை உப்புநீரிலேயே இருக்கட்டும், பாசிக்கும் கோபிபாட்டுக்கும் மட்டும் இயற்கைக் கடல்நீர் வரவழைப்பது என்று வைத்தார்கள். செயற்கை நீரில் ஐசோகிரைசிஸ் பாசி வளர்ந்தும் வளராமலும் இழுத்தடித்ததே காரணம்.

கழிமுகத்திலிருந்து சேலத்துக்கு

மாதிரி எடுக்க வெள்ளாற்றுக் கழிமுகத்தைத் தேர்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கும் பரங்கிப்பேட்டை அதன் கரையில்தான் உள்ளது. அந்தக் கழிமுகத்தின் கோபிபாட்கள் நெடுங்காலமாக ஆராயப்பட்டவை, ஓய்த்தோனா ரிஜிடா உட்பட.

பிப்ரவரியில், விடியலில், நீரேற்றம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில், 35 சென்டிமீட்டர் வாயும் 158 மைக்ரான் கண்ணும் கொண்ட மிதவையுயிர் வலையைப் படகுக்குப் பின்னால் மெதுவாக இழுத்தார்கள். வேகம் கூடினால் உயிர்கள் வலையில் நசுங்கும். ஒவ்வொரு இழுவையும் ஐந்தே நிமிடம். பிடித்ததை உடனே 500 மைக்ரான் சல்லடையில் ஊற்றி அம்புப்புழு, சொறிமீன், நண்டின் இளம்பருவம், மீன் குஞ்சு ஆகியவற்றை நீக்கினார்கள். இதைச் செய்யாவிட்டால் ஊர் வந்து சேர்வதற்குள் அம்புப்புழு பாதியைத் தின்றுவிடும்.

மூன்று 20 லிட்டர் கேன்களில், நீர் பாலேறியதுபோல் கலங்காத அளவு குறைந்த அடர்த்தியில், பேட்டரி ஏர் பம்பின் மெல்லிய குமிழோடு, விருத்தாசலம் ஆத்தூர் வழியாக அன்றே கொண்டுவந்தார்கள். கேன்கள் ஏசி வண்டியின் இருக்கையில் இருந்தன. டிக்கியின் சூட்டுக்கு விடவில்லை. பனிக்கட்டியும் போடவில்லை. திடீர்க் குளிரும் கொல்லும்.

அறையில் தொட்டி நீரும் கேன் நீரும் உப்பில் 4 பிபிடி (ஆயிரத்தில் 4 பங்கு) வேறுபட்டன. மூன்று மணி நேரத்தில் மெல்லச் சேர்த்தார்கள். வரவழைத்த கடல்நீர் 34 பிபிடி, வேண்டியது 28. நூறு லிட்டரை 34 ஆல் பெருக்கி 28 ஆல் வகுத்தால் 121.4. ஆகவே ஒவ்வொரு நூறு லிட்டருக்கும் 21.4 லிட்டர் ஆர்.ஓ. நீர் சேர்த்தால் போதும். ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. நீரில் பூஜ்யத்துக்குத் திருத்திய பிறகே அளக்க வேண்டும்.

அடுத்து வந்த வேலையில் பொறுமை அதிகம் தேவைப்பட்டது. கலவையிலிருந்து இரட்டை முட்டைப்பை சுமந்த பெண்களை, நுனியை நெருப்பில் மெருகேற்றிய கண்ணாடிப் பிப்பெட்டால் ஒவ்வொன்றாக உறிஞ்சினார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஐந்து சிறு கிண்ணங்களில் இருந்த வடிகட்டிய கடல்நீரில் வரிசையாகக் கழுவப்பட்டுப் பிறகே புதுக் கிண்ணத்துக்குப் போனது. சலித்து எடுத்தால் நேரம் மிச்சம்தான். ஆனால் ரோட்டிஃபரும் நாப்ளியும் ஒரே சல்லடைக் கண்ணில் தங்குவதால், இரண்டையும் சல்லடையால் பிரிக்க முடியாது. ஒரே ஒரு ரோட்டிஃபர் உள்ளே போனாலும் அது நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, வளர இரண்டு வாரம் எடுக்கும் கோபிபாட்டின் பாசியை எல்லாம் தின்றுவிடும்.

பேரினத்தை உறுதி செய்ய, இறந்த பெண் ஒன்றைக் கிளிசரினில் வைத்து நீச்சற்கால்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வெப்பமண்டலக் கழிமுகங்களில் கூடவே கிடைக்கும் அப்போசைக்ளாப்ஸ் என்ற சைக்ளோபாய்டும் இரட்டைப் பை சுமக்கும், அதோடு குழப்பம் வரும். அதன் நீச்சற்கால் கிளைகள் இரண்டு கண்டமுடையவை. ஓய்த்தோனாவில் அவை பெரும்பாலும் மூன்று கண்டம், உடலும் மெலிந்தது. கிண்ணத்தில் இருந்தது ஓய்த்தோனா. சரியான இனப்பெயருக்கு எத்தனால் பாட்டில் கடலோர ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பதிலுக்காக வளர்ப்பை நிறுத்திவைக்கவில்லை. தொட்டி அமைக்கப் பேரினம் தெரிந்தால் போதும்.

வளர்ப்பு முறை

கிண்ணம், 2 லிட்டர் பீக்கர், 20 லிட்டர் வாளி, 200 லிட்டர் நீல டிரம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு படியிலும் அடர்த்தி மில்லிக்கு ஒன்றை நெருங்கிய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். அவசரப்பட்டுப் பெரிய தொட்டியில் சிறு கூட்டத்தை விட்டால் ஆணும் பெண்ணும் சந்திப்பதே அரிது.

ஓய்த்தோனா நீரை வடித்துத் தின்பதில்லை. அசையாமல் மிதந்து, அருகில் அசைவது எதுவோ அதன் அதிர்வை உணர்ந்து பாய்ந்து பிடிக்கும். இந்த ஒரு இயல்பிலிருந்து இரண்டு விதிகள் வந்தன. அசையாத, 2 முதல் 4 மைக்ரானே உள்ள நானோகுளோராப்சிஸ் இதற்கு உணவாகாது. நீந்தும் ஐசோகிரைசிஸ் வேண்டும். அதில் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலமும் நிறைய உண்டு, கோபிபாட் வழியாக அது குஞ்சுக்குப் போகும். அடுத்து, காற்று மென்மையாக இருக்க வேண்டும். ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு, வெறும் குழாய் முனையிலிருந்து வினாடிக்கு ஓரிரு பெரிய குமிழ் வரும்படி வைத்தார்கள். நுண்குமிழ்கள் உடலில் ஒட்டி மேலே தூக்கி மாட்டிவிடும் ஆபத்தும் இதனால் நீங்கியது.

பாசி அளவு, மில்லிக்கு 40,000 செல். மூன்று 200 லிட்டர் தொட்டிக்கு, மில்லிக்கு 50 லட்சம் செல் உள்ள அடர்ந்த பாசியில் ஏறத்தாழ 5 லிட்டர் அன்றாடம் வேண்டும். அதற்காக 20 லிட்டர் பாசிப் பைகளை நாள் தள்ளித் தள்ளித் தொடங்கி, தினமும் ஒன்றிலிருந்து எடுத்து அதே அளவு புதுநீர் ஊற்றினார்கள். கடல்நீரில் 10 லிட்டருக்கு 5 விழுக்காட்டு சோடியம் ஹைபோகுளோரைட் 2 மில்லி சேர்த்து, ஒரு நாள் கழித்துத் தயோசல்ஃபேட்டால் முறித்து, குளோரின் இல்லை என்று சோதனைத் துளியால் உறுதி செய்த பிறகு லிட்டருக்கு 1 மில்லி கான்வே எனப்படும் பாசி ஊட்டக்கரைசலும் விட்டமின் பி1, பி12 கலவையும் சேர்த்தார்கள். நீரைக் கொதிக்கவைத்திருந்தால், அது ஆறிய பிறகே விட்டமினைச் சேர்க்க வேண்டும்.

அறுவடைக்கு 120 மைக்ரான், 45 மைக்ரான் என்று இரண்டு சல்லடைகள். முதலாவதில் முதிர்ந்தவை தங்கும், இரண்டாவதில் நாப்ளிகள். இரண்டும் தட்டில் நீருக்குள் அமிழ்ந்தே இருக்க வேண்டும். சல்லடையை வெளியே தூக்கினால் நாப்ளி காற்றுப்பட்டுச் சாகும். சைஃபன் குழாயும் மெதுவாக ஓட வேண்டும். முதிர்ந்தவை உடனே தொட்டிக்குத் திரும்பின.

எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை முன்கூட்டியே போட்டார்கள். 200 லிட்டரில் மில்லிக்கு ஒன்று என்றால் 2 லட்சம் முதிர்ந்தவை. பாதி பெண். அதில் மூன்றில் ஒன்று முட்டை சுமந்தால் 33,000. இரண்டு பையிலும் சேர்த்து இருபது முட்டை என்றால் இரண்டு மூன்று நாளில் 6.6 லட்சம் நாப்ளி. வளர்ந்து மேலே போவது, சல்லடையில் சாவது எல்லாம் போக, தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சத்தை எண்ணியே திட்டமிடலாம். 100 லிட்டர் குஞ்சுத் தொட்டியில் மில்லிக்கு இரண்டு நாப்ளி வைக்க 2 லட்சம் வேண்டும். ஆகவே இரண்டு தொட்டி அறுவடைக்கு, ஒன்று கையிருப்புக்கு. முட்டை பொரியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இந்த மூன்றும் நிறைந்திருக்காவிட்டால் அந்தத் தொகுதியைத் தொடங்கவே கூடாது.

ஏப்ரலில் வந்த இரு சிக்கல்கள்

பார்வோகலானஸ் மார்ச் மாதத்திலேயே போய்விட்டது. ஏப்ரலில், பகலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிய வாரத்தில், மின்தடை நான்கு மணி நேரம் நீடித்தது. இன்வெர்ட்டர் ஏர் பம்பைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. அறை 35 டிகிரிக்குப் போனது. ஓய்த்தோனா பெரும்பாலும் தப்பியது. ஆனால் ஐசோகிரைசிஸ் பைகள் மறுநாள் காலையில் பொன்னிறம் மாறி வெளுத்து, அடியில் படிந்திருந்தன. பாசி போனால் ஐந்தாறு நாளில் கோபிபாட்டும் போகும்.

இங்கேதான் ஏற்காடு கைகொடுத்தது. உறவினர் வீடு ஒன்று மேலே இருந்தது. மலை மேல் வெப்பம் சேலத்தைவிட எட்டுப் பத்து டிகிரி குறைவு. முன்னெச்சரிக்கையாக, 250 மில்லி குடுவைகளில் பாசி வித்து அங்கே வடக்கு ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாமல் வைக்கப்பட்டிருந்தது. குளிரும் குறைந்த வெளிச்சமும் வித்தை மெதுவாக வளரவைக்கும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுநீருக்கு மாற்றினால் போதும். அந்தக் குடுவைகளைக் காலையிலேயே இறக்கி, பத்து நாளில் பைகளை மீட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் மூன்று டிரம்மில் ஒன்றை மட்டும் முழு உணவில் காத்து, மற்ற இரண்டுக்கும் பாதி உணவு கொடுத்தார்கள். பஞ்ச காலத்தில் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்தால் எல்லாமே மெலியும். ஒரு தொட்டியையாவது முட்டை சுமக்கும் நிலையில் வைத்திருப்பது சரியான முடிவு.

இரண்டாவது சிக்கல் ரோட்டிஃபர். இரண்டாம் டிரம்மில் பாசி வழக்கத்தைவிட வேகமாகத் தெளிந்தது. ஒரு மில்லி நீரில், உயிர்களை அசையாமல் நிறுத்தும் லூகால் அயோடின் விட்டு எண்ணியபோது ரோட்டிஃபர் தெரிந்தது. கோமாளி மீன் பகுதியில் பயன்பட்ட குவளை ஒன்று கோபிபாட் அறைக்கு வந்திருந்ததே வழி. அந்த டிரம்மைக் காப்பாற்ற முயலாமல், முட்டை சுமந்த பெண்களை மட்டும் பிப்பெட்டால் எடுத்து மறுபடி கழுவி, மீதியைக் கோமாளி மீனுக்கு உணவாகக் கொடுத்துவிட்டு, டிரம்மைக் குளோரினில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தார்கள். அன்றிலிருந்து கோபிபாட் அறைக்குத் தனிக் குழாய், தனிக் குவளை, தனிச் சல்லடை. காலையில் முதலில் பாசி அறை, பிறகு கோபிபாட், கடைசியில் ரோட்டிஃபர் என்ற வரிசையும் எழுதி ஒட்டப்பட்டது. குமிழ் வெடிக்கும்போது தெறிக்கும் சாரலிலும் ரோட்டிஃபர் பரவும் என்பதால் டிரம்களுக்கு மூடியும் வந்தது.

விளைவு

மே மாதக் கடைசியில் பொரிந்த தொகுதிக்கு, வாய் திறக்கும் இரண்டாம் நாள் மாலையிலேயே ஓய்த்தோனா நாப்ளி விடப்பட்டது. சுவர் கறுத்த வட்டத் தொட்டி, ஐசோகிரைசிஸால் மெல்லப் பழுப்பேறிய நீர், மேலிருந்து மங்கிய ஒளி. மூன்றாம் நாள் பிற்பகல் எடுத்த பத்துக் குஞ்சுகளில் ஆறின் குடலில் இரை இருந்தது. நான்காம் நாள் எட்டில். அதுவரை ஒரு தொகுதியும் கடக்காத ஆறாம் நாளைக் கடந்தன.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பத்தாம் நாளை ஒட்டி இரண்டாவது சாவு வந்தது. வளர்ந்த குஞ்சுக்கு நாப்ளி போதவில்லை. கோபிபோடைட் எனப்படும் அடுத்த பருவத்தையும் ரோட்டிஃபரையும் தாமதமாகத்தான் கொடுத்தார்கள். நான்காவது வாரத்தில் அடி நோக்கி இறங்கி நிறம் பூண்ட குஞ்சுகள் பொரிந்ததில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அடுத்த தொகுதியில் எட்டாம் நாளிலிருந்தே 75 மைக்ரான் சல்லடையில் தங்கிய கோபிபோடைட்டைக் கலந்தார்கள். அதில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் தேறின. பழைய ஹார்பாக்டிகாய்டு அந்தத் தொட்டிகளின் அடியில் விடப்பட்டிருந்தது. அடித்தட்டில் வழக்கமான பழுப்புப் படலம் குறைந்திருந்தது, கீழிறங்கிய குஞ்சுகள் அவற்றைக் கொத்தித் தின்றன. மேலே ஓய்த்தோனா, கீழே ஹார்பாக்டிகாய்டு என்ற ஏற்பாடு அதன்பின் நிலையானது.

செலவைப் பொறுத்தவரை, கருவிகளைவிட உழைப்புதான் கனம். பாசியும் கோபிபாட்டும் சேர்ந்து நாளுக்கு மூன்று மணி நேர வேலை கேட்கின்றன, ஞாயிறும் விடுமுறை இல்லை. டாம்செல் விலை அந்த உழைப்பைத் தாங்குகிறது. கோமாளி மீனுக்கு மட்டும் என்றால் இதைப் பரிந்துரைக்க மாட்டோம், அதற்கு ரோட்டிஃபரே போதும்.

இனி மாற்ற வேண்டியவை

முதல் பாட்டிலை வாங்கிய அன்றே நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். இனி வரும் எந்த வித்தும் தனி அறையில் இரண்டு வாரம் தனிமைப்படுத்தப்பட்டு, வரிசை அடையாளமும் ரோட்டிஃபர், யூப்ளோட்டஸ் போன்ற குற்றிழையுயிர் இல்லை என்ற உறுதியும் கிடைத்த பிறகே வளர்ப்பு அறைக்கு வரும். அடையாளக் குறிப்பில் கொம்பின் நீளம், முட்டைப்பை எண்ணிக்கை, நாப்ளியின் அகலம், நீரில் நிற்கும் இடம் நான்கும் இருந்தாக வேண்டும். கடைசி இரண்டைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள், குஞ்சுக்கோ அவைதான் எல்லாம்.

பாசி அறைக்கு ஏசியைத் தாங்கும் ஜெனரேட்டர் வாங்குவதா, அறையைத் தரைத்தளத்துக்கு இறக்குவதா என்ற கேள்வியில் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். மாடித் தளம் மாலை வரை சூட்டைத் தேக்கிவைக்கும். தரைத்தள வடக்கு அறையில் மின்தடை வந்தாலும் வெப்பம் ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, ஈரத்துணியும் விசிறியும் அந்த இடைவெளியை ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஏற்காட்டு வித்து தொடரும். அதோடு ஓய்த்தோனாவின் சிறு கூட்டம் ஒன்றும் 5 லிட்டர் பாட்டிலில் மேலே வைக்கப்படும்.

வெள்ளாற்றிலிருந்து புது வித்து ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில் எடுக்கப்படும். மழைக்காலத்தில் கழிமுக நீர் நன்னீராகி உப்பு இறங்குவதால் அப்போது கிடைக்கும் கூட்டம் வேறாக இருக்கும், அதைப் பழைய வளர்ப்போடு கலப்பதில்லை. புது வித்து தனியே நான்கு வாரம் வளர்ந்து, முட்டை சுமக்கும் பெண்களின் பங்கு பழைய கூட்டத்துக்கு நிகராக இருந்தால் மட்டும் ஒரு டிரம் அதற்கு ஒதுக்கப்படும்.